கண்டதும் எழுதியதும்

அறிவியல் மாணவனைப் பார்த்து ஊரார், "இது என்ன?" என்று கேட்கும் கேள்வியைவிடக் கடுமையான தேர்வு வேறொன்று உண்டோ? எனக்கு அந்தத் தேர்வு பல்கலைக்கழக மண்டபத்தில் நடக்கவில்லை. உல்லாஸ்நகரில், எங்கள் வீட்டு வாசலில் நடந்தது. அதில் நான் தோற்றேன். தோற்றதைச் சொல்லவே இக்கட்டுரை. வெற்றிகளைப் பற்றி எழுத நம் இதழில் பலர் இருக்கிறார்கள். தோல்வியைப் பற்றியும் ஒருவன் எழுதட்டுமே!

எங்கள் சந்தில் அக்கா ஒருவர் குடியிருக்கிறார். நெல்லைச் சீமையிலிருந்து மணமாகி வந்தவர். உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் தொழில் பெருந்தொழில் என்பதை நீங்கள் அறிவீர்கள். தைத்து முடிந்த துணிகளில் எந்திர எண்ணெய் பட்ட கறைகள் இருக்கும். அவற்றைத் துடைத்தெடுத்துக் கொடுப்பது அக்காவின் வேலை. வீட்டிலிருந்தே வேலை; உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கறை எடுக்கும் 'மருந்தை' வேலை கொடுப்பவரே ஒரு வெள்ளைக் கேனில் ஊற்றிக் கொடுத்துவிடுவார். கேனின்மேல் பெயரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

ஒருநாள் மாலை நான் ரயிலிலிருந்து இறங்கி வீடு திரும்பியபோது அக்கா அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, நீ கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளைதானே? இது என்ன மருந்துன்னு பார்த்துச் சொல்லேன். கொஞ்ச நாளா இதைத் தொட்டாலே தலை சுத்துது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூடியைத் திறந்து, ஒருமுறை மோந்து பார்த்தேன். பிறகு, எல்லாம் அறிந்தவன்போலச் சொன்னேன்: "ஒண்ணுமில்லைக்கா, வெறும் ஸ்பிரிட்தான். பயப்படாதீங்க."

ஸ்பிரிட் என்றால் அக்காவுக்குத் தெரியும். ஊசி போடுமுன் பஞ்சில் தொட்டுக் கையில் தடவுவார்களே, அது. படித்த பிள்ளையே சொல்லிவிட்டது என்ற நிம்மதியோடு சென்றார். பதினைந்து நாள் கழித்து, கதவும் சன்னலும் மூடிய அறையில், குவித்துவைத்த துணிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தார். மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் கேட்ட முதற் கேள்வி: "எந்த நீர்மத்தைக் கையாண்டார்?" சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. பதினைந்து நாளுக்குமுன் எவ்வளவு எளிதாகத் தெரிந்தது! அக்கா பிழைத்துக்கொண்டார். அது என் கல்வியின் பயனன்று, அவருடைய நல்வினை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்? பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அக்காவுக்குத் தீங்கு நினைப்பவனும் அல்லேன். பலநாள் எண்ணிப் பார்த்தபின் விடை கிடைத்தது. நான் அப்படித்தான் பழக்கப்பட்டிருந்தேன்.

பட்டப்படிப்பின் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வை நினைவுக்குக் கொண்டுவருகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு குப்பி. குப்பியின்மேல் எண் மட்டும் இருக்கும். உள்ளே இருக்கும் நீர்மத்தை வாலையிலிட்டு வடித்து, கொதிநிலை கண்டு, பெயர் கூற வேண்டும். எனக்கு வாய்த்தது 7-ஆம் எண். குடுவையைப் பொருத்தினேன், நீர்த்தொட்டியில் வைத்துச் சூடேற்றினேன், வெப்பமானி 74 பாகையில் நின்றது. பட்டியலைப் புரட்டினேன், 74-இல் எதுவும் இல்லை. திகைத்து நின்றபோது பக்கத்து மேசையிலிருந்து முணுமுணுப்பு வந்தது: "ஏழா? எத்தில் அசிடேட்." பட்டியலில் எத்தில் அசிடேட்டுக்கு 77 பாகை. கண்டது 74, எழுதியது 77. முழு மதிப்பெண் பெற்றேன். வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

நண்பர்களே, அந்த 3 பாகை எங்கே போயிற்று? நான் தேடவே இல்லை. முதுகலை வகுப்புக்கு வந்தபின்புதான் அறிந்தேன்: வெப்பமானியின் குமிழை, ஆவி வெளியேறும் பக்கக்குழாயின் வாய்க்குச் சற்று மேலே வைத்துவிட்டேன். ஆவி குமிழை முழுதும் தழுவாமலே திரும்பிப் போயிற்று. வெப்பமானி குறைத்துக் காட்டிற்று. குமிழின் மேல்விளிம்பு பக்கக்குழாயின் வாய்க்கு நேராகவோ, சிறிது கீழாகவோ இருக்க வேண்டும். ஒரு விரல் அகலப் பிழை! "74 கண்டேன், பட்டியலோடு பொருந்தவில்லை, காரணம் தேடுகிறேன்" என்று எழுதியிருந்தால் அன்றே கற்றிருப்பேன். 77 என்று எழுதியதால் மதிப்பெண் பெற்றேன், பாடத்தை இழந்தேன். அந்த முணுமுணுப்பின் மறுபதிப்புத்தான் அக்காவிடம் நான் சொன்ன 'வெறும் ஸ்பிரிட்'.

வாலை வடித்தல் நமக்குப் புதிதன்று. ஓமத்தை நீரிலிட்டுக் கொதிக்கவைத்து, எழுந்த ஆவியைக் குளிர்வித்து இறக்கிய ஓமத் தீநீரைக் குடித்து வயிற்றுவலி தீர்ந்தவர்கள் நாம். சித்த மருத்துவத்தில் தீநீர் ஒரு தனி வகை. அதே வாலை சாராயம் காய்ச்சவும் பயன்பட்டது. கருவி ஒன்றே, கையாள்வோர் கருத்து வேறு.

தத்துவம் எளிது. காற்றழுத்தம் ஒரே அளவாக இருக்கும்போது ஒவ்வொரு தூய நீர்மமும் தனக்கென உள்ள ஒரு வெப்பநிலையில் கொதிக்கும். அசிடோன் 56 பாகை செல்சியஸ். மெத்தில் ஆல்கஹால் 64.7, எத்தில் ஆல்கஹால் 78.3, டொலுவீன் 110.6. மலையுச்சியில் அழுத்தம் குறைவு. ஆகவே ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். கடலோரத்தில் வாழும் நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. நாம் காண்பதும் நூலில் உள்ளதும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும்.

இவ்வளவு எளிதானால் கொதிநிலையைக் கண்டவுடன் பெயரைச் சொல்லிவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் இடர் இருக்கிறது. எத்தில் அசிடேட் 77.1, எத்தில் ஆல்கஹால் 78.3. இரண்டுக்கும் இடையே ஒரு பாகைதான். நம் கல்லூரி வெப்பமானி அவ்விரண்டையும் பிரித்துக் காட்டுமா? காட்டாது. ஆனால் சிறிது தண்ணீர் சேர்த்தால் போதும்: ஆல்கஹால் முற்றும் கலந்துவிடும், எத்தில் அசிடேட்டின் பெரும்பகுதி மேலே மிதக்கும். ஒரு சான்று சொல்லாததை இன்னொரு சான்று சொல்லும். ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதியை நாம் மதிப்போமா?

அக்கா வீடு திரும்பிய மறுநாள் எங்கள் பேராசிரியை அம்மையாரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். கேனிலிருந்த நீர்மத்தை ஆய்வுக்கூடத்தில் சோதிக்க இசைவு கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, ஆனால் இந்தத் தடவை பக்கத்து மேசையிலிருந்து யாரும் விடை சொல்ல மாட்டார்கள்" என்றார்.

காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிக் கூண்டுக்குள் குடுவையை வைத்தோம். எளிதில் தீப்பற்றும் நீர்மம் ஆதலால் தீச்சுடர் கூடாது; மின்சார வெப்ப உறை. திடீரென்று பொங்காதிருக்கச் சில கொதிகற்கள். குளிர்விப்பானில் நீர் கீழிருந்து மேலேறியது. குமிழை இருமுறை சரிபார்த்தேன். முதல் துளி விழுந்தபோது வெப்பமானி 64-ஐ ஒட்டி நின்றது. துளி துளியாக வடிந்துகொண்டே இருந்தது, வெப்பமானி அசையவில்லை. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "மெத்தில் ஆல்கஹால்!" என்று எழுதப் போனேன்.

"எழுதாதே. வேறு சான்று?" என்றார் அம்மையார்.

வடிந்த நீர்மத்தில் சிறிதளவு எடுத்து, சோதனைக் குழாயில் தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கினேன். மெத்தில் ஆல்கஹால் மட்டுமே இருந்தால் நீரோடு கலந்து தெளிவாக நிற்க வேண்டும். பால்போல் வெளுத்தது! சற்றுப் பொறுத்ததும் எண்ணெய்போன்ற அடுக்கு ஒன்று மேலே மிதந்தது. வெப்பமானி மாறாமல் நின்றதே, அப்படியானால் அது பொய் சொல்லிற்றா? இல்லை, நான்தான் அதன் மொழியைப் பாதி மட்டும் படித்தேன். சில நீர்மங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்தால், ஒரே வெப்பநிலையில் ஒன்றாகவே ஆவியாகி, ஒன்றாகவே வடியும். மெத்தில் ஆல்கஹாலும் டொலுவீனும் அப்படிப்பட்ட இணை. தனியே 110 பாகைக்குமேல் கொதிக்க வேண்டிய டொலுவீன், மெத்தில் ஆல்கஹாலோடு சேர்ந்து ஏறத்தாழ 64 பாகையிலேயே வந்துவிடுகிறது. தூய நீர்மத்தின் கொதிநிலை மாறாது என்பது உண்மை. ஆனால் கொதிநிலை மாறாத நீர்மமெல்லாம் தூயது என்பது உண்மையன்று. இந்த வேறுபாட்டைத் தேர்வுக்காக எத்தனை முறை எழுதியிருப்பேன்! அன்றுதான் கண்டேன்.

பின்னர் வெப்பமானி விரைவாக ஏறி 110-ஐ ஒட்டி நின்றது. அதில் வடிந்ததன் ஒளிவிலகல் எண் 1.49, டொலுவீனுக்கு ஒத்தது. முதலில் வடிந்ததில் சில துளி எடுத்து, சாலிசிலிக் அமிலமும் அடர்கந்தக அமிலமும் சேர்த்து மெல்லச் சூடேற்றினேன். மூட்டுவலித் தைலத்தின் மணம் எழுந்தது. மெத்தில் ஆல்கஹால் இருப்பதற்கு அது அடையாளம். அக்கா நாள்தோறும் நெற்றியில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் மணமும் அதுவே. அயோடோபாரம் சோதனையில் மஞ்சள் படியவில்லை; ஆகவே எத்தில் ஆல்கஹால் இருப்பதற்குச் சான்று இல்லை. குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: "மெத்தில் ஆல்கஹாலும் டொலுவீனும் உள்ளன." இவ்விரண்டு மட்டுமே உள்ளன என்று எழுதவில்லை. அதற்கு என்னிடம் சான்று இல்லை. அம்மையார் அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். நான் பெற்ற மதிப்பெண்களில் எதனையும் அந்தக் கையெழுத்துக்கு ஈடாகக் கருதமாட்டேன்.

இரண்டு பெயர்களும் தெரிந்தபின் அக்காவின் தலைச்சுற்றலுக்குப் பொருள் விளங்கியது. மூடிய அறையில் டொலுவீன் ஆவியை மூச்சிழுத்தால் தலைவலியும் மயக்கமும் வரும். மெத்தில் ஆல்கஹால் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் உட்புகும். உடலுக்குள் அது பார்மால்டிஹைடாகி, பிறகு பார்மிக் அமிலமாகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்தால், பத்து மில்லிலிட்டரே பார்வையைப் பறிக்கலாம். முப்பது உயிரைப் பறிக்கலாம் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. எத்தில் ஆல்கஹாலுக்கும் இதற்கும் நிறத்தில் வேறுபாடில்லை. மணத்திலும் பழகாத மூக்குக்கு வேறுபாடு தெரியாது. இதைத்தான் நான் 'வெறும் ஸ்பிரிட்' என்றேன்!

இதை ஒரு சந்தின் கதை, ஓர் அக்காவின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம் மும்பையில் 2004-ஆம் ஆண்டு விக்ரோலியில் எண்பதுக்கும் மேற்பட்டோர், 2015 ஜூன் மாதத்தில் மால்வணியில் நூற்றுக்கும் மேற்பட்டோர், நச்சுச் சாராயத்துக்குப் பலியானார்கள். தாய்நாட்டில் 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் அதே அழுகுரல். கருணாபுரம் துயரில் மட்டும் இறந்தோர் அறுபதுக்கும் மேல். கூலிவேலை செய்து களைத்தவர்கள் குறைந்த விலைக்கு வாங்கிக் குடித்தது மெத்தில் ஆல்கஹால். குடித்தவன் குற்றம் என்று சிலர் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். குடி கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் இறந்தது குடித்ததால் மட்டுமா? ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றை விற்றதாலும் அல்லவா?

மருந்துக்கும் இதே கதி நேர்ந்ததுண்டு. 1986-ஆம் ஆண்டு மும்பை ஜே. ஜே. மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கிளிசரின் கொடுத்தார்கள். அதில் டை-எத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. 14 பேர் மாண்டனர். அதனை ஆராய நீதிபதி லெண்டின் தலைமையில் ஆணையம் அமைந்தது. இரண்டுமே நிறமற்றவை, இரண்டுமே பாகுபோன்றவை, இரண்டுமே இனிப்பவை. அதற்கு அரை நூற்றாண்டுக்குமுன், 1937-இல், அமெரிக்காவில் ஒரு சல்பா மருந்தை இதே நஞ்சில் கரைத்து விற்றார்கள். சுவை நன்றா, தோற்றம் நன்றா, மணம் நன்றா என்று பார்த்தார்கள். உயிருக்கு நன்றா என்று பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபின் 1938-இல் அந்நாட்டில் புதிய மருந்துச் சட்டம் வந்தது. பாடம் முடிந்துவிட்டது என்றா எண்ணுகிறீர்கள்? 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து செய்யப்பட்ட இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம். தமிழ்நாட்டு அரசின் ஆய்வில் அந்த மருந்தில் 48.6 விழுக்காடு டை-எத்திலீன் கிளைக்கால் இருந்ததாகத் தெரியவந்தது. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி!

இவற்றையெல்லாம் சிறு வாலையால் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. கிளிசரின் 290 பாகையை நெருங்கும்போது கொதிப்பதோடு சிதையவும் தொடங்கிவிடும். அதற்கு வேறு சோதனைகள் வேண்டும். மெத்தில், எத்தில் ஆல்கஹால்கள் இரண்டும் கலந்திருந்தால், 14 பாகைக்கும் குறைந்த இடைவெளியில் எளிய வாலை அவற்றைச் செம்மையாகப் பிரிக்காது. கருவியின் எல்லையை அறிவதும் கல்வியே. நான் சொல்ல வருவது வேறு: ஒவ்வொரு துயரிலும் எங்கோ ஓரிடத்தில், ஒருவர், சோதிக்காமலே ஒரு பெயரை ஏற்றுக்கொண்டார். கண்டது ஒன்றாக இருக்க, எழுதியது வேறொன்றாக இருந்தது.

எங்கள் ஊருக்கு இந்தப் பாடம் மற்ற ஊர்களைவிட மிகுதியாகத் தேவை. உல்லாஸ்நகர் அகதிகளின் ஊர். போர்க்காலப் படைமுகாம் இருந்த இடத்தில், 1947 பிரிவினைக்குப்பின் சிந்தி மக்கள் வந்து தங்கினார்கள். 1949 ஆகஸ்ட் 8-ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இன்றும் பகுதிகளுக்குப் பெயர் 'கேம்ப்' என்பதுதான். தாராவிக்கு வந்த என் பாட்டனாரும், அங்கிருந்து இங்கு வந்த என் தந்தையாரும், வீடிழந்து வந்தவர்கள் உழைப்பால் எழுப்பிய இந்த ஊரில்தான் பிழைப்புத் தேடினார்கள். இந்த ஊரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. பொருள்களின்மேல் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று அச்சிடுவார்களாம். கேட்டால், 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்பார்களாம்! சிந்தி நண்பர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். பேனாவுக்கும் பூட்டுக்கும் வேறு பெயர் ஒட்டினால் சிரித்துவிட்டுப் போகலாம். நீர்மத்துக்குப் பெயரே ஒட்டாமல் விட்டால் சிரிக்க முடியுமா?

2014-ஆம் ஆண்டு நான் பள்ளிச் சிறுவன். ஓர் இரவில், எங்கள் ஊரின் வால்துனி ஆற்றில் யாரோ டேங்கர் லாரியிலிருந்து இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். எழுந்த நச்சுக்காற்றில் நூற்றுக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளை நாடினார்கள். அம்மா ஈரத்துணியால் என் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. "என்னம்மா நாத்தம்?" என்று கேட்டேன். "தெரியலைப்பா" என்றார். பள்ளியைக் காணாத என் தாய், தெரியாததைத் தெரியாது என்றார். பட்டம் பெற்ற மகன் தெரிந்ததாகச் சொன்னான். யார் அறிவியலாளர் என்று நீங்களே கூறுங்கள்.

என் கருத்தை நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு மறுப்புகள் எழுந்தன. முதலாவது: "இது கருவிகளின் காலம். வாயு நிறப்பகுப்பு எந்திரத்தில் ஒரு துளி விட்டால் சில நிமிடங்களில் பட்டியல் வந்துவிடும். வாலையும் வெப்பமானியும் எதற்கு?" நல்ல கேள்வி. ஆனால் எந்திரமும் தான் அறிந்தவற்றோடு ஒப்பிட்டே பெயர் சொல்கிறது. ஒப்பிட்டது சரியா, மாதிரியை எடுத்தது சரியா என்று ஐயுறுவது மனிதன் வேலை. வாலையில் ஐயுறப் பழகாதவன் எந்திரத்தின் முன்னாலும் பக்கத்து மேசை முணுமுணுப்புக்கே காத்திருப்பான்.

இரண்டாவது: "தேர்வு தேர்வுதான், குப்பிகள் பத்தோ பன்னிரண்டோ, ஆண்டுதோறும் அவையே வருகின்றன. அதில் என்ன உண்மை, என்ன பொய்?" இதுதான் எனக்கு அச்சம் தருகிறது. எல்லோருக்கும் விடை தெரிந்த குப்பியை 'அறியாத நீர்மம்' என்று அழைக்கிறோம். அப்படி அழைப்பதே முதற் பொய். அந்தப் பொய்யில் தேர்ந்தவர்கள் நாளை மருந்துச்சாலைகளில் கையெழுத்திடப் போகிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன், நீங்களும் ஒருவர்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஆசிரியப் பெருமக்களுக்கு முதலாவது: பெயருக்கு மட்டும் மதிப்பெண் கொடாதீர்கள், கண்டதை அப்படியே எழுதியதற்கும், பிழையின் காரணத்தைத் தேடியதற்கும் கொடுங்கள். தனி நீர்மங்களுக்கிடையே ஒரு கலவையையும் வையுங்கள். "முடிவுகூறச் சான்று போதவில்லை" என்று எழுதுவோனும் தேறட்டும். மாணவத் தோழர்களுக்கு இரண்டாவது: முணுமுணுப்பவனும் வேண்டாம், செவிசாய்ப்பவனும் வேண்டாம். அதை உதவி என்று எண்ணுகிறோம். நண்பனின் கண்ணைக் கட்டிவிடும் உதவி அது.

மூன்றாவது நம் தமிழ் மாணவர் சங்கத்துக்கு. தீங்குதரும் இரசாயனப் பொருள்களின் கலங்கள்மேல் பெயரும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. பெரிய பீப்பாயின்மேல் அது இருக்கத்தான் செய்கிறது. பீப்பாயிலிருந்து கேனுக்கு ஊற்றும்போது நீர்மம் மட்டும் இறங்குகிறது. பெயர் பீப்பாயிலேயே தங்கிவிடுகிறது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் உல்லாஸ்நகரிலும் நம் மக்கள் வீடுகளில் இத்தகைய கேன்கள் எத்தனை! பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடும் நாட்களில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குத் தரக்கூடாதா? அறிவியல் மாணவர்கள் நால்வர் சென்று, தமிழிலேயே பேசட்டும். பெயரில்லாத நீர்மத்தை மோந்து பார்க்காதீர்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றிவைக்காதீர்கள். கதவைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். கொடுப்பவரிடம் பெயரைக் கேட்டு வாங்குங்கள். இவ்வளவு போதும். யாரும் வீட்டில் வாலை வைத்துச் சோதிக்க முற்பட வேண்டாம். பெயரறியா நீர்மத்தைச் சூடேற்றுவது தீயோடு விளையாடுவது.

அக்காவிடம் மறுபடியும் சென்றேன். முன்பு சொன்னது தவறு என்று முதலில் சொன்னேன். பிறகு அந்த இரண்டு பெயர்களையும் அவற்றின் கேட்டையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ வேலையை விட்டுடச் சொல்லுதியா தம்பி?" என்றார். அந்தக் கேள்விக்கு என் வாலையில் விடை இல்லை. வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அந்தக் கூலிதான் ஆதாரம். நாங்கள் செய்யக்கூடியதைச் செய்தோம். வேலையை அறையிலிருந்து வாசல் திண்ணைக்கு மாற்றினார். கையுறை வாங்கிக் கொடுத்தேன். வேலை கொடுப்பவரிடம் அவர் கணவரும் நானும் சென்று பேசினோம். "எல்லாரும் இதைத்தானே பயன்படுத்துகிறார்கள்" என்றார் அவர். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

திரும்பும்போது அக்கா என்னை நிறுத்தி, "அந்தப் பேரை இதிலேயே எழுதிக் குடு" என்றார். வெள்ளைத்தாளில் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டினேன்: "மெத்தில் ஆல்கஹால், டொலுவீன் உள்ளன. நஞ்சு. குடிக்கக் கூடாது. மூடிய அறையில் பயன்படுத்தக் கூடாது." மறுநாள் எதிர்வீட்டுச் சிந்தி அம்மாள் தம் வீட்டுக் கேனை எடுத்துக்கொண்டு வந்து, அதற்கும் ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார்.

கேன் அதே நிறம்; மணமும் ஏறக்குறைய அதுவே. பேனாவைத் திறந்தேன், பிறகு மூடினேன்.

"தெரியவில்லை அம்மா, சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.